உழைச்செல்வானுக்கும் உதவித்தொகை
(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

முன்னுரை

வள்ளுவப் பெருந்தகை, மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்பனவே அந்நான்கு. உழைச்செல்வான் என்பவன் நோயாளியின் அருகில் நின்று, மருந்தைப் பிழையின்றிச் சேர்ப்பிப்பவன். மருத்துவனோடு அவனையும் ஒரு வரிசையில் வைத்து எண்ணிய மரபு நம் மரபு.

இன்றைய மருத்துவமனையில் அந்த ஒருவன் பலராகப் பெருகிவிட்டான். இரத்தத்தையும் சளியையும் சோதிக்கும் ஆய்வக நுட்புநர், எக்ஸ்ரே எடுக்கும் நுண்கதிர் வீச்சாளர், இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் இ.சி.ஜி. நுட்புநர், சிறுநீரகம் பழுதுற்றோருக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் டயாலிசிஸ் நுட்புநர், 108 ஊர்தியில் ஓடிவரும் மருத்துவ உதவியாளர் என்று இப்பட்டியல் நீளும். இவர்கள் அனைவரையும் இக்காலத்தில் துணை மருத்துவப் பணியாளர் என்கிறோம்.

இவர்கள் தொழிலைக் கற்கும் காலத்தில் எதைக் கொண்டு வாழ்வது? இந்தக் கேள்வியே இக்கட்டுரையின் பொருள். இதை எழுதத் தூண்டியது ஏட்டறிவு மட்டுமன்று. என் தந்தையார் நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய பின்னரும் ஓராண்டு ஊதியமின்றிப் பயிற்சி பெற வேண்டும் என்றால், அந்த ஓராண்டுக்கு அரிசியும் வாடகையும் எங்கிருந்து வரும் என்று வீட்டில் கேட்பார்கள். அக்கேள்வி நியாயமானது. நம் வகுப்புகளில் பாதி வீடுகளிலாவது இதே கேள்வி எழும் என்று எண்ணுகிறேன்.

சானடோரியம் தரும் பாடம்

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்த நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். ஒரு மருத்துவமனையால் பெயர் பெற்ற நிலையம் அது. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் பெயர் பெற்றுத் திரும்பிய டாக்டர் சௌரி முத்து, 1928இல் இவ்விடத்தில் காசநோயாளிகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அந்நாளில் காசநோய்க்குத் தனி மருந்து கிடையாது. தூய காற்று, வெயில், ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே சிகிச்சை. நோயாளியோடு மாதக்கணக்கில் இருந்து உடல் வெப்பம் பார்த்து, எடை பார்த்து, உணவு கொடுத்தவர்கள் உழைச்செல்வார்களே.

பின்னர் மருந்துகள் வந்தன. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நோயாளியை மருத்துவமனையில் சேர்த்துக் குணப்படுத்துவதற்கும், வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்துக் குணப்படுத்துவதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்று அங்கு நடந்த ஆய்வு 1959இல் உலகுக்கு அறிவித்தது. இந்த முடிவால் ஏழை நாடுகளின் காசநோய்ச் சிகிச்சை முறையே மாறியது. வீட்டுச் சிகிச்சை வெற்றி பெற்றதற்கு மருந்து மட்டும் காரணம் அன்று. வீடு வீடாகச் சென்று மாத்திரைகளை எண்ணிய சுகாதாரச் செவிலியர்களும், மாதந்தோறும் சளியைச் சோதித்த ஆய்வகப் பணியாளர்களும் இல்லையேல் அந்த ஆய்வே இல்லை.

மீண்டும் 2004 ஏப்ரலில், எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இலவசக் கூட்டு மருந்து வழங்கும் திட்டம் இந்திய நாட்டில் எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியபோது, அவ்வெட்டில் ஒன்றாகத் தாம்பரம் இருந்தது. அப்போதும் மருத்துவர்களுக்குச் சமமாகத் தேவைப்பட்டவர்கள் ஆய்வக நுட்புநர்களும் ஆற்றுப்படுத்துநர்களும் ஆவர். சிகிச்சை முறை மாறிய ஒவ்வொரு முறையும் பழகிய கைகள் புதிதாகத் தேவைப்பட்டிருக்கின்றன என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

கைப்பழக்கமே கல்வி

பழகிய கை என்று ஏன் சொல்ல வேண்டும்? புத்தகத்தைப் படித்துத் தேர்வு எழுதினால் போதாதா? இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

நம் கல்லூரி ஆய்வகத்தில் நாம் சாயமேற்றும் முறைகளைக் கற்கிறோம். காசநோய்க்கான ஸீல்-நீல்சன் முறையும் அத்தகையதே. சளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, கார்பால் ஃபுக்சின் ஊற்றிச் சூடாக்கி, அமிலத்தால் கழுவி, மெத்திலீன் நீலம் ஊற்றினால், காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பு நிறத்தில் நிற்கும். ஏனையவை நீலமாகிவிடும். இதைத் தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் உண்மையான வேலை அதன் பின்னர்தான் தொடங்குகிறது. நுண்ணோக்கியில் தகட்டை நகர்த்தி நகர்த்திக் கிருமிகளை எண்ண வேண்டும். 100 பார்வைப்புலங்களில் 10 முதல் 99 கிருமிகள் இருந்தால் 1+ என்றும், ஒரு புலத்திற்கு 1 முதல் 10 வரை இருந்தால் 2+ என்றும், அதற்கும் மேல் இருந்தால் 3+ என்றும் எழுதுவர். கிருமி இல்லை என்று எழுத வேண்டுமானால் 100 புலங்களையும் பார்த்தே ஆக வேண்டும்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஆய்வக நுட்புநர் அண்ணன் ஒருவரிடம் இதைப்பற்றிக் கேட்டேன். அவர் சொன்னார்: "இருக்குன்னு எழுதறது சுலபம் தம்பி. இல்லைன்னு எழுதறதுதான் கஷ்டம். அறுபதாவது புலத்துல கண்ணு போதும்னு சொல்லும். மனசு நூறு வரைக்கும் போகணும்."

அறுபதோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? எழுபதாவது புலத்தில் இருந்த கிருமி கண்ணில் படாது. நோயாளி நோயில்லை என்ற சீட்டோடு வீடு திரும்புவார். அந்த வீட்டுக் குழந்தைகளும் அவரோடு ஒரே அறையில் உறங்குவார்கள். இன்று கிருமியின் மரபணுவைக் கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நோயைக் கண்டறியும் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் நல்ல சளி மாதிரியைக் கேட்டு வாங்குவதும், பெயர் மாறாமல் குறிப்பதும் மனிதரின் வேலையாகவே இருக்கின்றன.

இரண்டாவது எடுத்துக்காட்டு இ.சி.ஜி. வலக்கையில் மாட்ட வேண்டிய இணைப்பை இடக்கையிலும், இடக்கையினுடையதை வலக்கையிலும் மாட்டிவிட்டால், முதல் பதிவுக்கோடு தலைகீழாகிவிடும். இதயம் வலப்புறம் அமைந்த அரிதான மனிதரின் பதிவைப் போல அது தோன்றும். கருவியில் குறை இல்லை, நோயாளியின் இதயத்திலும் குறை இல்லை. மாட்டிய கையில்தான் குறை. இத்தகைய பிழைகளைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் திறன், மூத்தவர் ஒருவர் அருகில் நின்று கற்பித்து, நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குச் செய்து பார்த்தால்தான் வரும்.

ஆகவே வேலையிடத்தில் கற்பது துணை மருத்துவக் கல்விக்கு உயிர்நாடி. அந்தக் காலத்தில் பயிற்சியாளருக்கு ஊதியம் இல்லையென்றால், அவர் மாலையில் வேறு வேலைக்கு ஓட வேண்டியிருக்கும். இரவில் மூட்டை தூக்கிவிட்டோ கடையில் நின்றுவிட்டோ வருபவரிடம் நூறாவது புலம் வரை பொறுமையை எதிர்பார்க்க முடியுமா? பயிற்சியாளருக்குக் கொடுக்கும் உதவித்தொகை நோயாளிக்குக் கொடுக்கும் பாதுகாப்பும் ஆகும் என்பது என் கருத்து.

சட்டம் சொல்வது என்ன?

அப்ரண்டிஸ் என்றவுடன் நமக்கு ஐ.சி.எப். ரயில் பெட்டித் தொழிற்சாலையும் ஆவடியும் நினைவுக்கு வரும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் முதலில் அத்தகைய தொழிற்சாலைகளை மனத்தில் வைத்தே இயற்றப்பட்டது. 1973இல் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும், 1986இல் மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தோரும் அதில் சேர்க்கப்பட்டனர். 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் புதிய தொழில்களுக்கும் வழி திறந்தது. நம்மைப் போன்ற பி.எஸ்சி. மாணவர்களுக்கு இதுவே முக்கியமான ஆண்டு.

2019 செப்டம்பரில் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 விழுக்காடு முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை அமர்த்த வேண்டும். அவ்விதிகளில் குறைந்தபட்ச மாத உதவித்தொகை பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 7,000, பட்டயம் பெற்றவருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று வகுக்கப்பட்டது. 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, 1,500 ரூபாய் வரம்புக்குள், மத்திய அரசு ஏற்றது. பட்டதாரிகளுக்கான தேசியப் பயிற்சித் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகையின் பாதியை அரசு கொடுக்கிறது. தென் மாநிலங்களுக்கு இத்திட்டத்தை நடத்தும் வாரியம் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. தரமணியில்தான் இருக்கிறது.

தொகையைவிட முக்கியமானது ஒப்பந்தம். பழகுநருக்கும் நிறுவனத்திற்கும் எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும், அது பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தத்தில் பெயர் இருந்தால் பயிற்சிக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீட்டுக்கு வழி உண்டு. கற்றதற்குச் சான்று உண்டு.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சட்டத்தின் பார்வையில் பழகுநர் ஒரு பயிற்சியாளரே அன்றித் தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்தபின் அந்த நிறுவனமே வேலை தர வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் இல்லை. நிரந்தரப் பணியாளரை நீக்கிவிட்டுப் பழகுநர்களைக் கொண்டே மலிவாக வேலை வாங்கும் ஆசை நிறுவனங்களுக்கு வரலாம். 15 விழுக்காடு என்னும் உச்சவரம்பு இதற்கு ஓரளவு தடையாகும்.

எங்கள் தெரு அக்கா

சட்டம் ஒருபுறம் இருக்க, நடப்பது எவ்வாறு இருக்கிறது? எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு தனியார் இடத்தில் ஓராண்டு ஆய்வகப் பயிற்சியில் சேர்ந்தார். கட்டணம் 40,000 ரூபாய், இரண்டு தவணை. இரண்டாம் தவணைக்கு அவருடைய அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. முதல் மூன்று மாதம் வகுப்பு நடந்தது. அதன்பின் ஒன்பது மாதமும் காலை ஆறு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை இரத்தம் எடுக்கும் வேலை. அந்த ஒன்பது மாதத்திற்கும் ஒரு ரூபாய்கூட உதவித்தொகை இல்லை.

முடிவில் அழகிய சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். அரசுப் பணிக்கு விண்ணப்பித்தபோது, அது அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் சான்றிதழ் அன்று என்று தள்ளப்பட்டது. இப்போது அவர் ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். இக்கட்டுரைக்காக அவரிடம் பேசியபோது அவர் சொன்னது என் மனத்தை விட்டு அகலவில்லை: "படிச்சது வீண் இல்ல தம்பி. குழந்தைக்குக்கூட வலிக்காம ஊசி போட எனக்குக் கை பழகிடுச்சு. ஆனா அதைச் சொல்றதுக்கு ஒரு காகிதம் இல்ல."

கணக்குப் பார்ப்போம். பதிவு செய்த பழகுநராக அவர் அதே ஓராண்டு இருந்திருந்தால், மாதம் 7,000 வீதம் 84,000 ரூபாய் அவர் கைக்கு வந்திருக்கும். அதற்கு மாறாக 40,000 ரூபாய் கையை விட்டுப் போனது. வேறுபாடு 1,24,000 ரூபாய். வாடகை வீட்டில் வாழும் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று. வேலை செய்தவரே வேலைக்குக் காசும் கொடுத்தார் என்பதே இக்கணக்கின் பொருள்.

108 காட்டும் வழி

நன்றாக நடக்கும் முறைக்கும் நம் கண்முன் சான்று உண்டு. தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008இல் தொடங்கியது. ஊர்தியில் ஓட்டுநரோடு மருத்துவ உதவியாளர் ஒருவர் வருகிறார். அப்பணிக்கான அண்மைக்கால முகாம் அறிவிப்புகளில், செவிலியர் படிப்பு, ஆய்வக நுட்பப் பட்டயம் ஆகியவற்றோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் பி.எஸ்சி. பட்டமும் தகுதியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. தேர்வு பெறுவோருக்கு 50 நாள் பயிற்சி. வகுப்பறையில் பாடம், பிறகு மருத்துவமனையிலும் ஊர்தியிலும் நேரடிப் பழக்கம். பயிற்சிக் காலத்தில் தங்குமிடமும் உண்டு. அதன்பின் இரவும் பகலும் மாறி மாறிப் பன்னிரண்டு மணி நேரப் பணி.

பணி கடினமானது என்பதில் ஐயமில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே விபத்து நடந்தால், முதலில் வந்து இரத்தப்போக்கை நிறுத்துபவர் அவரே. ஆயினும் விலங்கியல் மாணவனாகிய எனக்கு இதில் ஒரு மகிழ்ச்சி. "தவளையை அறுத்து என்ன கண்டாய்?" என்று உறவினர் கேட்கும் கேள்விக்கு இது நேரான விடை. மனித உடலின் இரத்த ஓட்டத்தை அறிந்தவனுக்கு ஊர்தியில் இடம் இருக்கிறது.

பிற நாடுகளில்

ஜெர்மனியில் 2020இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி செவிலியர் பயிற்சி மூன்றாண்டு. அதில் 2,100 மணி நேரம் பாடம், 2,500 மணி நேரம் நோயாளிகளிடையே பழக்கம். மூன்றாண்டும் பயிற்சியாளருக்கு மாத ஊதியம் உண்டு. ஆய்வகம், எக்ஸ்ரே ஆகிய துறைகளில் பயில்வோருக்கும் ஊதியம் கட்டாயம் என்னும் சட்டம் 2023இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் பழகுநராக ஊதியம் பெற்றுக்கொண்டே பட்டம் பெறும் முறை அவசர மருத்துவ உதவியாளர், இயன்முறை மருத்துவர் ஆகியோருக்கும் வந்துள்ளது. பணக்கார நாடுகளே பயிற்சியாளரிடம் இலவச உழைப்பை எதிர்பார்ப்பதைக் குறைத்து வரும்போது, நாம் மட்டும் ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் அதை எதிர்பார்ப்பது முறையாகுமா?

சேரும் முன் கேட்க வேண்டியவை

நண்பர்களே, துணை மருத்துவப் பயிற்சி எதிலும் சேரும் முன் பின்வரும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டா? அது பதிவு செய்யப்படுமா? வாய்ச்சொல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் பிற்காலத்தில் சாட்சி சொல்லாது.

2. பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? படிப்பு என்றால் கட்டணமும், பாடத்திட்டமும், தேர்வும் இருக்கும். பழகுநர் பயிற்சி என்றால் உதவித்தொகை இருக்கும். கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு நாள் முழுதும் வேலையும் வாங்கினால் விழித்துக்கொள்ளுங்கள்.

3. சான்றிதழ் தருவது யார்? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு ஒன்றை எடுத்துப் படித்தால், ஒவ்வொரு பதவிக்கும் எந்தச் சான்றிதழ் செல்லும் என்பது தெரியும். சேர்ந்த பின் படிப்பதைவிடச் சேரும் முன் படிப்பது நலம். நம் மாநில அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளும் ஈராண்டுப் பட்டயப் படிப்புகளும் இருக்கின்றன என்பதையும் மறவாதீர்கள்.

4. கற்பிப்பவர் யார்? தகுதி பெற்ற நுட்புநர் அருகில் நிற்பாரா, அல்லது நேற்றுச் சேர்ந்தவர் இன்று சேர்ந்தவருக்குக் கற்பிப்பாரா?

5. உங்கள் உடலுக்கு என்ன பாதுகாப்பு? இரத்தத்தைத் தொடும் பணிக்கு மஞ்சள்காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும், காசநோய்ப் பிரிவுக்குத் தகுந்த முகக்கவசமும் தேவை. நோயைத் தீர்க்கப் போனவர் நோயோடு திரும்பக் கூடாது.

இவற்றோடு ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2021இல் நாடாளுமன்றம் துணை மருத்துவப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பத்து வகையாகப் பணிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தகுதி வரையறுக்க அது வழி செய்கிறது. நுட்புநர் நிலைக்குக் குறைந்தது ஈராண்டில் 2,000 மணி நேரம் பயின்ற பட்டயமோ பட்டமோ வேண்டும் என்கிறது அச்சட்டம். ஆகவே கைப்பழக்கம் மட்டும் போதும், படிப்பு வேண்டாம் என்று யாரும் எண்ணிவிடலாகாது. படிப்பும் பழக்கமும் உதவித்தொகையும் மூன்றும் ஓரிடத்தில் சேர வேண்டும் என்பதே நாம் கேட்க வேண்டியது.

முடிவுரை

இம்மூன்றும் சேர வழியுண்டு. பட்டப்படிப்போடு பழகுநர் பயிற்சியை இணைத்து நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் நெறிமுறை வெளியிட்டது. தாம்பரத்தைச் சுற்றிலும் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. நுண்ணோக்கி பிடிக்கக் கற்ற மாணவர்களுக்கும் நம் கல்லூரியில் குறைவில்லை. இவ்விரண்டையும் இணைக்கும் பாலம்தான் தேவை.

ஆதலின் பேராசிரியப் பெருமக்களிடம் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன். முதலாவது, தரமணி வாரியத்தின் அலுவலர் ஒருவரை அழைத்து, இறுதியாண்டு அறிவியல் மாணவர்களுக்கு ஒரு நாள் விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும். இரண்டாவது, உதவித்தொகையோடு பயிற்சி தரும் மருத்துவமனைகளின் பட்டியலை நம் வேலைவாய்ப்பு வழிகாட்டி மையம் ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். மூன்றாவது, பயிற்சி ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் மாணவர் யாராவது ஓர் ஆசிரியரிடம் அதைக் காட்டிப் படித்துக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். எங்கள் வீடுகளில் அக்காகிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த இடத்தில் ஆசிரியர்களே எங்களுக்குப் பெற்றோர்.

வள்ளுவர் எண்ணிய நான்கு கூறுகளில் மருத்துவனுக்கு இன்று பெருமை உண்டு, மருந்துக்கு விலை உண்டு, நோயாளிக்குக் காப்பீடும் வந்துவிட்டது. பட்டம் முடித்து மருத்துவமனையிலேயே பயிற்சி பெறும் இளம் மருத்துவருக்கு உதவித்தொகை கொடுப்பதும் நெடுநாள் வழக்கம். எஞ்சியிருப்பவன் உழைச்செல்வான். அவன் கற்கும் காலத்தில் பட்டினி கிடக்காமல் கற்கட்டும். அப்போதுதான் அவன் நூறாவது புலம் வரை பார்ப்பான்.